அட்வான்ஸ் வாங்கிட்டாங்க, கழியற வரைக்கும் போக முடியாதாம். இதுக்குப் பேரு என்ன?

கட்டுமனை | மார்ச் 2, இரவு 9.50

வீடு கட்டிட்டு இருக்கேன். அஸ்திவாரம் முடிஞ்சு பேஸ்மென்ட் வரைக்கும் வந்தாச்சு. செங்கல்லை மேஸ்திரி மூலமா வாங்காம நேரா சூளையில பேசினா லோடுக்குக் கொஞ்சம் குறையும்னு ஒரு ஆசை. அதனால இன்னிக்கு நானே போனேன்.

மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். ஒரு குடும்பம் கல் அறுத்துட்டு இருந்தாங்க. அந்தம்மா மண்ணை உருட்டிக் கொடுக்குறாங்க, அவர் அச்சுல அடிச்சுக் கவிழ்க்கிறார். எட்டு ஒன்பது வயசுப் பையன் ஒருத்தன், அறுத்துக் காயப்போட்ட கல் மேலேயே குந்திக் குந்தி நகர்ந்து ஒவ்வொண்ணாத் திருப்பி வைக்கிறான். பெரியவங்க ஏறினா அரை ஈரத்துல கல் உடைஞ்சிடும், சின்னப் பசங்க எடையைத் தாங்கும் சார்னு மேனேஜரே விளக்கம் சொன்னார். ஏதோ தொழில் நுணுக்கம் சொல்ற மாதிரி.

தண்ணி கேட்கிற சாக்குல அந்த ஆள்கிட்ட பேச்சுக் கொடுத்தேன். ஆயிரம் கல்லுக்கு என்ன கூலின்னு கேட்டேன். "தெரியலீங்க சார். நோட்டு அவங்ககிட்ட இருக்குது. வாரத்துக்குப் படி குடுக்குறாங்க"ன்னார். ஊருக்கு எப்போ போனீங்கன்னேன். மாமனார் செத்ததுக்குப் போனாராம். பொண்டாட்டியும் பையனும் இங்கேயே இருக்கணும், ரெண்டு நாள்ல வந்துடணும்னு சொல்லி அனுப்பினாங்களாம். செத்தது அந்தம்மாவோட அப்பா. அவங்க போகல.

மேனேஜர்கிட்ட கேட்டா, "அட்வான்ஸ் வாங்கியிருக்காங்க சார். போன சீசன்லயே கழியல. கழிச்சுட்டுப் போகட்டும்"ங்கிறார்.

நான் ரெண்டு லோடு சொல்லி அஞ்சாயிரம் அட்வான்ஸ் கொடுத்துட்டு வந்துட்டேன். வண்டி ஓட்டிட்டு வரும்போதுதான் உறைச்சது. இப்போ என்கிட்ட அட்வான்ஸ் வாங்கினவர் அந்தச் சூளைக்காரர். கல் வந்து சேர்ற வரைக்கும் எங்கேயும் போகக் கூடாதுன்னு அவரை யாரும் பிடிச்சு வெக்கல.

இது கொத்தடிமைன்னு சொல்றாங்களே, அதுவா? நான் என்ன செய்யலாம்? இடம் [நீக்கப்பட்டது] பக்கத்துல, சூளை பேரு [நீக்கப்பட்டது].

---

மணலி மச்சான் | மார்ச் 2, இரவு 10.05

தலைவா, வீடு கட்டுறவன் வீட்டைக் கட்டு. சூளைக்காரன் ஆளுங்க உன் அஸ்திவாரத்துக்குள்ளயே உன்னை வெச்சுக் கட்டிடுவானுங்க.

---

தாலுகா தாத்தா | மார்ச் 2, இரவு 10.40

தம்பி, இடத்தின் பெயரையும் சூளையின் பெயரையும் நீக்கச் சொல்லி நெறியாளருக்கு நான்தான் எழுதினேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். இப்படி ஒரு வரி வெளியே தெரிந்தால் மாட்டிக்கொள்வது சூளைக்காரர் அல்ல, அந்தக் குடும்பம். ராத்திரியோடு ராத்திரி லாரியில் ஏற்றி வேறு சூளைக்கு மாற்றிவிடுவார்கள். அதிகாரி போய் நிற்கும்போது மண் மட்டும் ஈரமாக இருக்கும். என் சர்வீஸில் இரண்டு முறை அந்த ஈர மண்ணைப் பார்த்திருக்கிறேன்.

வருவாய்த் துறையில் 31 வருஷம் இருந்தவன் நான். நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆம், அதுதான்.

கொத்தடிமை என்றால் சங்கிலி, பூட்டு, சவுக்கு என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். 1976-ஆம் வருஷக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தில் சங்கிலியே கிடையாது. முன்பணமோ கடனோ இருக்கிறதா? அதைக் காரணம் காட்டி, குறைந்தபட்சக் கூலி இல்லாமல் வேலை வாங்குகிறார்களா, வேறு வேலைக்குப் போக விடாமல் வைத்திருக்கிறார்களா, நினைத்த இடத்துக்குப் போய்வர விடாமல் இருக்கிறார்களா, அவர்கள் பொருளைச் சந்தை விலைக்கு விற்க விடாமல் தடுக்கிறார்களா? இதில் ஒன்று இருந்தாலே போதும். உங்கள் பதிவில் இரண்டு வெளிப்படையாகவே இருக்கிறது. கூலி எவ்வளவு என்று உழைக்கிறவனுக்கே தெரியாது என்பதை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டப் பிரிவு 15-ஐ மட்டும் மறக்காதீர்கள். இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது பணம் கொடுத்தவர். 1984-இல் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதே வழியில்தான் போனது. கட்டாய வேலை என்று தெரிந்தால் அதன் பின்னால் முன்பணம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் முதலாளி வந்து காட்டட்டும் என்றது. ஆகவே ஆதாரம் திரட்டுகிறேன் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு மறுபடி போய் நிற்காதீர்கள்.

---

சூளைவீட்டுப் பையன் | மார்ச் 3, காலை 8.15

ஒரு பக்கத்தையே பேசுறீங்களே. எங்கப்பா சின்னதா சூளை வெச்சு நடத்தினவர். அட்வான்ஸ் கொடுக்காம ஒருத்தனும் வேலைக்கு வரமாட்டான். மழைக்காலத்துல வேலை இல்லாதப்போ அரிசிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவங்களே வந்து கேட்பாங்க. வாங்கிட்டு, பொங்கல் முடிஞ்சு வர்றேன்னுட்டு, பக்கத்து மாவட்டத்துல இன்னொருத்தன்கிட்டயும் வாங்கிட்டு அங்கே போயிடுவாங்க. ஒரு வருஷம் நாலு குடும்பம் அப்படி ஓடினதுல எங்கம்மா நகை போச்சு. அப்போ எங்க சார் இருந்துச்சு மனித உரிமை?

---

தாலுகா தாத்தா | மார்ச் 3, காலை 9.02

உங்கள் அம்மாவின் நகைக்கு வருத்தப்படுகிறேன் தம்பி, நிஜமாகவே. கடன் கொடுத்தவர் திரும்பக் கேட்க சிவில் கோர்ட் இருக்கிறது. ஆளைப் பிடித்து வைத்துக் கழித்துக்கொள்ள மட்டும் வழி கிடையாது. வங்கியில் வீட்டுக்கடன் கட்டாதவனை மேனேஜர் கிளையிலேயே படுக்க வைத்துக் கூட்டிப் பெருக்கச் சொல்கிறாரா?

இன்னொன்று. கூலியைக் குறைத்துப் போட்டால் அட்வான்ஸ் எந்தக் காலத்திலும் கழியாது. 1982-இல் ஆசியாட் விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்கும் வேலையே அரசியல் சட்டம் 23-ஆம் பிரிவு தடை செய்த கட்டாய உழைப்புதான் என்று சொல்லிவிட்டார்கள். நோட்டு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள், மீதி தானே புரியும்.

---

கட்டுமனை | மார்ச் 3, மதியம் 1.20

ஐயா, சரி. போட்டோவும் எடுக்கல, திரும்பவும் போகல. இப்போ யார்கிட்ட சொல்றது? வி.ஏ.ஓ. எனக்குத் தெரிஞ்சவர்தான், அவர்கிட்ட சொல்லட்டுமா?

---

தாலுகா தாத்தா | மார்ச் 3, மதியம் 2.10

வேண்டாம். அவர் நல்லவராகவே இருப்பார். ஆனால் அதே டீக்கடையில்தான் சூளைக்காரரும் டீ குடிப்பார்.

ஆர்.டி.ஓ. அல்லது சப்-கலெக்டர். (லைசென்ஸ் தருகிற ஆர்.டி.ஓ. இல்லை, வருவாய்க் கோட்டாட்சியர். மனுவோடு போக்குவரத்து அலுவலகத்தில் போய் நின்றவர்களை எனக்குத் தெரியும்.) இல்லாவிட்டால் நேராகக் கலெக்டர். மீட்பதும், விசாரிப்பதும், விடுதலைச் சான்றிதழ் கொடுப்பதும் அவர்கள் பொறுப்பு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று கொடுக்காதீர்கள், அங்கே நூறு காது. மூடிய உறையில் போடுங்கள், "கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்படி மனு" என்று முதல் வரியிலேயே எழுதுங்கள், நகலை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள். அவர்களுக்கு 15100 என்று ஒரு எண் உண்டு. குழந்தை இருப்பதால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லலாம். அடிதடி, உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் 112.

மனுவில் உங்கள் கருத்து வேண்டாம். பார்த்தது, கேட்டது மட்டும். எத்தனை குடும்பம், எத்தனை பிள்ளைகள், எந்த ஊர்க்காரர்கள், அவர் சொன்ன வார்த்தைகள் அப்படியே, மேனேஜர் சொன்ன வார்த்தைகள் அப்படியே. போகிற வழியை ஒரு தாளில் வரையுங்கள், கோயில், பம்புசெட் எல்லாம் போட்டு. எந்த நேரத்தில் எல்லாரும் களத்தில் இருப்பார்கள் என்பதை அவசியம் எழுதுங்கள். பெயரை ரகசியமாக வைக்கக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் குடும்பத்திடம் போய் "நான் உங்களைக் காப்பாற்றப் போகிறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

---

மூணு வருஷ மில்லு | மார்ச் 3, இரவு 8.30

சூளைன்னதும் எல்லாருக்கும் புரியுது. ஃபேன், ஹாஸ்டல், யூனிஃபார்ம் எல்லாம் இருந்தா யாருக்கும் புரியறதில்ல.

நான் பதினாறு வயசுல திண்டுக்கல் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுக்குப் போனவ. மூணு வருஷம் முடிச்சா மொத்தமா அம்பதாயிரம், கல்யாணத்துக்கு ஆகும்னு சொன்னாங்க. சுமங்கலித் திட்டம்னு நோட்டீஸே அடிச்சுக் கொடுப்பாங்க, மஞ்சள் குங்குமமெல்லாம் போட்டு. கூட்டிட்டுப் போன புரோக்கர் எனக்குச் சித்தப்பா முறை. தலைக்கு இவ்வளவுன்னு அவருக்கு வரும்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும்.

ஷிஃப்ட் முடிஞ்சு படுத்தா ராத்திரி கதவைத் தட்டி அடுத்த ஷிஃப்டுக்குக் கூப்பிடுவாங்க. போன் ஞாயித்துக்கிழமை மட்டும், வார்டன் பக்கத்துல நிப்பாங்க. எங்கம்மா "நல்லா இருக்கியாடி"ன்னு கேட்டா நான் "ம்"னு சொல்வேன். வேற என்ன சொல்ல? என்னோட இருந்த ஒருத்தி ரெண்டு வருஷம் எட்டு மாசத்துல உடம்புக்கு முடியாம ஊருக்குப் போயிட்டா. மூணு வருஷம் முடியலைன்னு அந்த மொத்தப் பணம் அவளுக்கு வரவே இல்ல.

கட்டுமனை அண்ணா கேட்டதுக்காகச் சொல்றேன். எனக்கு உதவினது போலீசும் இல்ல, கலெக்டரும் இல்ல. என் தங்கச்சியோட கணக்கு டீச்சர். அக்கா எங்கேன்னு ஒரு நாள் கேட்டிருக்காங்க. அப்புறம் வாரா வாரம் மில் ஆபீஸுக்குப் போன் பண்ணி, "எங்க ஸ்கூல்ல படிச்ச பொண்ணு, எப்படி இருக்கா, பொங்கலுக்கு எப்போ அனுப்புவீங்க"ன்னு கேட்டுட்டே இருந்திருக்காங்க. அவ்வளவுதான். மிரட்டல் கிடையாது, புகார் கிடையாது. அந்த வருஷம் எங்க ரூம்ல பொங்கலுக்கு ஊருக்குப் போனவ நான் ஒருத்திதான். வெளியில இருந்து ஒருத்தர் நம்ம பேரைச் சொல்லிக் கேட்கிறாங்கன்னு தெரிஞ்சா உள்ள இருக்கிறவங்க கை கொஞ்சம் அடங்கும்.

உங்க தெருவுல யாராவது பொண்ணு மில்லுக்குப் போயிருந்தா, அவ அம்மாகிட்ட அந்த மில்லோட நம்பர் வாங்கி ஒரு தடவை போன் பண்ணுங்க.

---

ஏழு ஆ | மார்ச் 3, இரவு 9.15

அக்கா, நான் வாத்தியார். உங்க டீச்சரை நினைச்சு வெட்கமா இருக்கு, ஏன்னா அந்த மாதிரி நான் எல்லாப் பிள்ளைக்கும் கேட்டதில்ல.

எங்க பக்கம் உசிலம்பட்டி. இங்கே பசங்க மறையற திசை வேற. வடக்கே முறுக்குக் கம்பெனி. மகாராஷ்டிரா அது இதுன்னு போவாங்க. பத்தாயிரம் இருபதாயிரம் வீட்டுல கொடுத்துட்டுக் கூட்டிட்டுப் போயிடுவாங்க, எண்ணெய்ச் சட்டி முன்னாடி நாள் முழுக்க நிக்கணும். டெல்டா பக்கம் வேலை பார்த்தப்போ கிடை ஆடு மேய்க்கவும் வாத்து மேய்க்கவும் அடகு வெச்ச பசங்களைப் பார்த்திருக்கேன். ஆடு ஊர் ஊரா நகர்ந்துட்டே இருக்கும், அதனால பையனும் எந்த ஊர்க் கணக்குலயும் வரமாட்டான்.

நான் கத்துக்கிட்ட ஒண்ணு: லீவு முடிஞ்சு வராத பிள்ளையை அஞ்சாவது நாளே தேடணும். ஒரு மாசம் கழிச்சுத் தேடினா "சித்தி வீட்டுல இருக்கான்"னு பதில் மனப்பாடம் ஆகியிருக்கும். ஒரு வீட்டுல போய்க் கேட்டப்போ அப்படித்தான் சொன்னாங்க. அரசாங்கம் அவனுக்கு பதினொண்ணாவதுல கொடுத்த சைக்கிள் திண்ணையில நின்னுச்சு, டயர்ல காத்து இல்ல, கேரியர்ல கோழி முட்டை இட்டிருந்துச்சு. சித்தி வீடு அதே ஊர்ல அடுத்த தெரு. சைக்கிளை விட்டுட்டு எவன் போவான்?

---

பாதுகாப்பான ஊர் | மார்ச் 3, இரவு 10.00

நண்பர்களே இந்த முக்கியமான தகவலை அனைவருக்கும் பகிரவும். வட மாநிலத்திலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் 400 பேர் இறங்கியிருக்கிறார்கள். போர்வை விற்பது போல, சாக்லேட் கொடுப்பது போல வருவார்கள்...

---

ஏழு ஆ | மார்ச் 3, இரவு 10.12

தயவுசெய்து இதை அழிச்சிடுங்க. 2018 மே மாசம் இதே மாதிரி மெசேஜ் சுத்தினப்போ திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் என்ன நடந்துச்சு தெரியுமா? சென்னையில இருந்து குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த ஒரு குடும்பம், வழியில பிள்ளைங்களுக்குச் சாக்லேட் கொடுத்திருக்காங்க. ஊரே சேர்ந்து அடிச்சதுல அறுபத்தஞ்சு வயசு அம்மா செத்துட்டாங்க.

பிள்ளை பிடிக்கிறவன் போர்வை விற்கிற வேஷத்துல வர்றதில்ல. மேல ஒரு அக்கா எழுதியிருக்காங்களே, சித்தப்பா முறைன்னு, அப்படித்தான் வருவான். காபி கொடுத்து உட்கார வைப்போம்.

---

கருப்புக் கோட்டு | மார்ச் 4, காலை 6.40

டீச்சர் சொல்றது ரயிலுக்கும் பொருந்தும். டிக்கெட் பரிசோதகரா இருக்கேன்.

தன்பாத் ஆலப்புழா எக்ஸ்பிரஸ்ல ஒரு தடவை எட்டுப் பசங்க. எல்லாரும் ஒரே மாதிரி புதுப் பை. எல்லாரும் பதினெட்டு வயசுன்னு ஆதார் நீட்டினாங்க. ரெண்டு பேருக்கு மீசை அரும்பக்கூட இல்ல. எங்கே போறீங்கன்னு ஒவ்வொருத்தனையா தனித்தனியா கேட்டேன். ஒருத்தன் திருப்பூர்னான், இன்னொருத்தன் கேரளான்னான், ஒருத்தனுக்கு எதுவுமே தெரியல, "சாச்சாவுக்குத்தான் தெரியும்"னான். சாச்சா பக்கத்துப் பெட்டியில. எட்டுப் பேர் போனும் அவர்கிட்ட.

கன்ட்ரோலுக்குச் சொன்னேன். காட்பாடியில ரயில்வே பாதுகாப்புப் படை ஏறினாங்க. 2022-ல இருந்தே ஆள் கடத்தலுக்குன்னு அவங்ககிட்ட ஆஹ்ட்னு தனி ஆபரேஷனே இருக்கு. விசாரிச்சா ஆறு பேர் நிஜமாவே மேஜர், தெரிஞ்சு வேலைக்குப் போறவங்க, விட்டுட்டாங்க. ரெண்டு பேரைக் குழந்தைகள் நலக் குழுகிட்ட ஒப்படைச்சாங்க.

அந்த ஆறு பேரை ஏன் சொல்றேன்னா, வடக்கத்திப் பையன்னாலே சந்தேகப்படுறவங்க இருக்காங்க. வேலை தேடிப் போறது குத்தம் இல்ல, எங்கப்பாவும் பம்பாய்க்கு அப்படிப் போனவர்தான். எனக்கு உறுத்தினது அந்தப் போன். பயணியா இருந்தா 139-க்கு அடிங்க, ரயில் நம்பரும் பெட்டி நம்பரும் சொன்னாப் போதும். நீங்களே சண்டைக்குப் போகாதீங்க, அடுத்த சிக்னல்லயே இறக்கிக் கூட்டிட்டுப் போயிடுவான்.

---

அக்கரைச்சீமை | மார்ச் 5, இரவு 11.20

ஏழைங்களுக்கு மட்டும்தான் இது நடக்கும்னு இருக்கிறவங்களுக்காக எழுதுறேன். என் அக்கா பையன் இன்ஜினியரிங் முடிச்சவன்.

தாய்லாந்துல டேட்டா என்ட்ரி, மாசம் எண்பதாயிரம், இங்கிலீஷ் தெரிஞ்சாப் போதும்னு டெலிகிராம்ல வந்துச்சு. ஏஜென்ட் ரெண்டு லட்சம் வாங்கினான். விசிட் விசா. பாங்காக் ஏர்போர்ட்ல கார் நின்னுச்சாம். ஆபீஸ் எங்கேன்னு கேட்டா பக்கம்தான்னாங்களாம். ஏழெட்டு மணி நேரம் போயிட்டே இருந்துச்சாம். மே சோட்னு ஒரு எல்லை ஊர். அங்கே ராத்திரியில ஆத்தைக் கடந்தா மியான்மர், மியாவாடி. போனதும் பாஸ்போர்ட்டை வாங்கிட்டாங்க. வேலை, பொம்பளை படத்தை வெச்சு அமெரிக்காக்காரன்கிட்ட காதல் பேசி முதலீடு போட வைக்கிறது. டார்கெட் முடியலைன்னா அடி, கரண்ட். வெளிய விடணும்னா லட்சக்கணக்குல பணம் கேட்டாங்க.

2025 மார்ச்ல விமானப்படை விமானம் ரெண்டு போய் மே சோட்ல இருந்து 549 பேரைக் கூட்டிட்டு வந்தாங்களே, அதுல வந்தான். இப்போவும் போன்ல மெசேஜ் சத்தம் வந்தா எழுந்து உட்கார்றான்.

இதுல எனக்கு ஆறாதது என்னன்னா, கிளம்புறதுக்கு முந்தின நாள் எங்க வீட்டுக்கு வந்து கால்ல விழுந்துட்டுத்தான் போனான். நான் சிங்கப்பூர்ல பதினாலு வருஷம் இருந்தவன். "விசாவைக் காட்டுடா"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா விசிட் விசான்னு ஒரே பார்வையில தெரிஞ்சிருக்கும். அஞ்சாயிரம் ரூபாயைக் கையில வெச்சு அனுப்பி வெச்சேன்.

அதனால இப்போ யார் வெளிநாடு போறதுன்னாலும் வெட்கமில்லாம கேட்கிறேன். ஏஜென்ட் பேரு அரசாங்கத்தோட இ-மைக்ரேட் தளத்துல பதிவாயிருக்கா? பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதுக்கு ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், அதுக்கு மேல கேட்டா ரசீது எங்கே? பத்தாவது பாஸ் பண்ணியிருந்தா வேலைக்கு வெளிநாடு போகக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லாத பாஸ்போர்ட்தான் கிடைக்கும், ஏர்போர்ட்ல அந்த அனுமதியைக் கேட்டு யாரும் நிறுத்த மாட்டாங்க. படிச்ச பசங்களை இவனுங்க தேடுறதுக்கு இங்கிலீஷ் மட்டும் காரணமில்ல. சந்தேகம்னா சென்னையிலயே குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கு, போய்க் கேட்கலாம்.

---

மணலி மச்சான் | மார்ச் 6, காலை 7.30

நான் மேல கிண்டலா எழுதினதை வாபஸ் வாங்கிக்கிறேன். எங்க தெருவுல ஒருத்தன் கம்போடியா போறேன்னு ட்ரீட் வெச்சான் போன வாரம். இப்போ அவன் வீட்டுக்குத்தான் போறேன்.

---

கட்டுமனை | மார்ச் 11, இரவு 9.00

மனு கொடுத்துட்டேன். ஸ்பீட் போஸ்ட் ஒண்ணு, நேர்ல ஒண்ணு. நேர்ல போனப்போ முன்னாடி மேஜையில இருந்தவர் மூணு தடவை கேட்டார், "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"னு. செங்கல் வாங்கப் போனவன்னு சொன்னா சிரிக்கிறார். "கல்லு வாங்கினீங்களா இல்லையா?"ங்கிறார். உறையைப் பிரிச்சுப் படிக்கப் பார்த்தார், அதிகாரிகிட்டதான் தருவேன்னுட்டேன். ஒன்றரை மணி நேரம் உட்கார வெச்சாங்க.

அஞ்சு நாளாச்சு, ஒண்ணும் நடக்கல. தினமும் அந்தப் பையன் ஞாபகம் வருது.

---

தாலுகா தாத்தா | மார்ச் 11, இரவு 9.25

அந்த மேஜையில் நானும் இருந்திருக்கிறேன் தம்பி. நானும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன்.

சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போன நகலைப் பிடியுங்கள். அவர்கள் கேட்டால் கோப்பு நகரும். 1098-இல் குழந்தை என்று மட்டும் சொல்லாமல் வயதையும் செய்கிற வேலையையும் சொல்லுங்கள். பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைச் சூளையில் வேலைக்கு வைத்தாலே குற்றம்தான், அதற்கு முன்பணம் தேவையில்லை.

---

கட்டுமனை | மார்ச் 19, இரவு 11.40

நேத்து விடிகாலை போயிட்டாங்க. ஆர்.டி.ஓ., தாசில்தார், போலீஸ், குழந்தைகள் பாதுகாப்பு அலகுல இருந்து ரெண்டு பேர். நான் போகல, தாத்தா சொன்ன மாதிரி ரோட்டோர டீக்கடையிலதான் நின்னேன். உள்ளே நடந்தது அப்புறம் கேள்விப்பட்டது.

நாலு குடும்பம், பதினேழு பேர், அதுல ஆறு பிள்ளைங்க. எல்லாரும் இருளர் பழங்குடி. மேனேஜர் எல்லாரும் சொந்தக்காரங்க மாதிரி சார்னு ஆரம்பிச்சிருக்கார். சொந்தக்காரங்க பேரு சொல்லுங்கன்னு கேட்டதுக்கு ரெண்டு பேருக்கு மேல சொல்ல முடியல. வேப்பமரத்தடியில ஒவ்வொரு குடும்பமா தனியா உட்கார வெச்சு வாக்குமூலம் வாங்கியிருக்காங்க. முதல் ஒரு மணி நேரம் ஒருத்தரும் வாயைத் திறக்கலையாம். சூளைக்காரர் வண்டியை எடுத்துட்டுப் போன பிறகுதான் பேசினாங்களாம்.

அப்பா சாவுக்குப் போகாத அந்தம்மாதான் முதல்ல பேசினது.

வேன் கிளம்ப லேட் ஆச்சு. ஒரு பாட்டி கோழி இல்லாம ஏறமாட்டேன்னுட்டாங்களாம், குஞ்சுங்களோட எங்கேயோ அடுக்குக்குள்ள போய் உட்கார்ந்திருக்கு. டீக்கடை வழியா வேன் போனப்போ பார்த்தேன், ஜன்னலோரம் பாட்டி மடியில கூடை, மேல ஈரத்துணி போட்டு மூடியிருந்தாங்க.

விடுதலைச் சான்றிதழ் சாயங்காலமே கொடுத்துட்டாங்க.

---

சூளைவீட்டுப் பையன் | மார்ச் 20, காலை 7.50

நல்லதுதான், மறுக்கல. ஆனா ஒண்ணு கேட்கிறேன், ஆறு மாசம் கழிச்சு இவங்க எங்கே இருப்பாங்கன்னு நினைக்கிறீங்க? இன்னொரு சூளையில. எனக்குத் தெரியும். மீட்டுட்டு வந்த குடும்பத்தை அடுத்த சீசன்ல எங்கப்பாவே வேலைக்கு வெச்சிருக்கார்.

---

தாலுகா தாத்தா | மார்ச் 20, காலை 8.30

இந்தத் தம்பி சொல்வது முழு உண்மை. இந்த இழையிலேயே முக்கியமான பதிவு இதுதான்.

சான்றிதழ் கிடைத்த அன்றே அந்தக் கடன் சட்டப்படி செத்துவிட்டது, ஒரு பைசா திருப்பித் தர வேண்டியதில்லை. உடனடி உதவி 30,000 ரூபாய் வரை உண்டு. 2016 திட்டத்தின்படி முழு மறுவாழ்வுத் தொகை ஆணுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடுமையான நிலையில் இருந்து மீண்டவர்களுக்கு மூன்று லட்சம். ஆனால் முழுத் தொகையை வழக்கின் தண்டனையோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். தீர்ப்பு எப்போது வரும்? அதுவரை அடுப்பு எரிய வேண்டாமா? சூளைக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி அடுத்த மழைக்கு முன்பணத்தோடு திண்ணைக்கு வந்துவிடுவான். அரசாங்கத்தை விட அவன் வேகம்.

கட்டுமனை தம்பி, உங்கள் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தால் முடிந்தது. இல்லையென்றால் ஒரு நாள் அவர்கள் ஊருக்குப் போங்கள். ரேஷன் கார்டு இருக்கிறதா, வங்கிக் கணக்கு இருக்கிறதா, சாதிச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். பழங்குடிச் சான்றைக் கொடுப்பவரும் அதே ஆர்.டி.ஓ.தான். மீட்ட கையோடு அதையும் கேட்டால் மறுக்கக் கூச்சப்படுவார்.

---

மூணு வருஷ மில்லு | மார்ச் 20, இரவு 9.10

அண்ணா, போனா அந்தம்மாகிட்ட உட்கார்ந்து பேசுங்க, அவர்கிட்ட மட்டும் பேசிட்டு வந்துடாதீங்க. பேங்க் அக்கவுன்ட் அவங்க பேர்லயும் இருக்கட்டும்.

---

கட்டுமனை | ஏப்ரல் 28, இரவு 10.30

மூணு தடவை போயிட்டு வந்தேன். முதல் தடவை பிஸ்கட் பாக்கெட்டோட போனேன், என்னமோ ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி. என்ன பேசறதுன்னு ரெண்டு பக்கமும் தெரியல. பாட்டிதான் கோழியைக் காட்டினாங்க. குஞ்சுல மூணு பருந்து தூக்கிட்டுப் போச்சாம்.

நாலு குடும்பத்துல ரெண்டுக்கு ரேஷன் கார்டே இல்ல. ஒருத்தருக்கு ஆதார்ல அப்பா பேரும் ஊரும் தப்பு. இதுக்குத்தான் மொத்த நேரமும் போச்சு. இ-சேவை மையத்துல ஒரு நாள் முழுக்க நின்னோம். சாதிச் சான்றுக்கு மனு போட்டாச்சு, வரல. உடனடி உதவிப் பணம் மூணு குடும்பத்துக்கு வந்திடுச்சு, நாலாவது குடும்பத்துக்கு அக்கவுன்ட் பெயர்ல ஒரு எழுத்து மாறி நிக்குது. பையனைப் பள்ளிக்கூடத்துல சேர்த்திருக்காங்க, ரெண்டாம் வகுப்புல. உயரமா இருக்கான்னு கடைசி பெஞ்ச்.

அந்த நாலாவது குடும்பம் போன வாரம் கிளம்பிப் போயிட்டாங்க. மேஸ்திரி வந்தாராம். எந்த ஊருன்னு யாருக்கும் தெரியல. இல்ல, தெரிஞ்சும் என்கிட்ட சொல்லல.

சூளைவீட்டுப் பையன், நீங்க சொன்னதுல கால்வாசி பலிச்சிடுச்சு.

---

சூளைவீட்டுப் பையன் | ஏப்ரல் 29, காலை 6.55

சந்தோஷமா இல்ல ப்ரோ. அந்தக் குடும்பத்துப் பெரியவர் பேரும் சொந்த ஊரும் தனிச் செய்தியில அனுப்புங்க. எந்தப் பக்கம் போயிருப்பாங்கன்னு விசாரிக்க எனக்கு ஆளுங்க இருக்காங்க.

---

மணலி மச்சான் | ஏப்ரல் 29, காலை 8.20

கம்போடியா பார்ட்டி போகல. ஏஜென்ட் நம்பர் ஸ்விட்ச் ஆஃப், எழுபதாயிரம் போச்சு, சைபர் குற்ற உதவி எண் 1930-ல புகார் கொடுத்திருக்கோம். என்னை முறைச்சுக்கிட்டுத் திரியறான்.

அது கிடக்கட்டும். கடைசியில கல்லு எங்கே வாங்கினே?

---

கட்டுமனை | ஏப்ரல் 29, இரவு 9.45

ஃப்ளை ஆஷ் கல்லு. அந்தக் கம்பெனியில லோடு ஏத்திட்டு இருந்தது ஒடிசாப் பையன். ஆயிரம் கல்லுக்கு எவ்வளவு தர்றாங்கன்னு கேட்டேன். டக்குனு சொன்னான். சொல்லிட்டு, அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிட்டு முந்தாநாள்தான் வந்தேன்னு போன்ல போட்டோ காட்டினான்.